செயப்பாட்டு வினை

மதியச் சோற்றுக்குப் பிறகு இங்கிலீஷ்.
ரயில் பாலத்தில் ஏறினால்
ஜன்னல் கம்பி முதலில் சொல்லும்.
சார் நிறுத்துவார்.
போனதும், விட்ட இடத்தில் தொடங்குவார்.
அன்றைக்கு விட்ட இடம் பாஸிவ் வாய்ஸ்.

ரவி மாம்பழம் தின்றான்.
ரவியால் மாம்பழம் தின்னப்பட்டது.
தின்றவன் பின்பெஞ்சுக்குப் போக
மாம்பழம் முன்னால் வந்து உட்காரும்.
"யாரென்று தெரியாவிட்டாலோ
சொல்லத் தேவையில்லாவிட்டாலோ
ரவியை எடுத்துவிடலாம்" என்று
டஸ்டரால் அவனைத் துடைத்தார் சார்.
மாம்பழம் தின்னப்பட்டது.
போர்டில் அது முழு வாக்கியமாகத்தான் நின்றது.

பக்கத்தில் ஜொஹரா சிரித்தாள்.
எனக்கு
வீட்டில் கம்பியில் குத்திவைத்திருக்கும்
எடைச் சீட்டு ஞாபகம்.
மரிக்கொழுந்து பதினொன்று.
கட்டக்கோரை இருபத்தாறு.
ஈரத்துக்கும் மண்ணுக்குமாக
மூன்று கிலோ கழிக்கப்பட்டது.
நாலு நாள் வெயிலில் மொடமொடவென்று காய்ந்த பாசிக்கு
ஈரம் எங்கிருந்து வந்தது என்று
அம்மா ஒருநாளும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை கட்டுரை: கடற்கரையில் ஒரு நாள்.
நூற்றைம்பது வார்த்தை.
நோட்ஸில் இருக்கிற பிள்ளைகள்
பந்து கொண்டுபோகிறார்கள், ஐஸ்கிரீம் வாங்குகிறார்கள்,
களைப்போடும் மகிழ்ச்சியோடும் வீடு திரும்புகிறார்கள்.
அவர்கள் காலில் ஒரு முள்கூடக் குத்துவதில்லை.
என் கட்டுரையில் அம்மா
விரல் விரலாகத் துணி சுற்றுகிறாள்,
கண்ணாடி மாட்டுகிறாள்,
கடலுக்கு அடியில் போகிறாள்.

'அடியில்' மேல் சிவப்பு வட்டம்.
"ப்ரிபொசிஷன் தப்பு. கடலுக்குப் போகிறாள்."
"இல்ல சார், அடியிலதான்."
"எவ்வளவு நேரம்?"
"மூச்சு இருக்கிற வரைக்கும்."
பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்.
பேனாவை மூடினார், திறந்தார்.
வட்டத்தை அழிக்க வழியில்லை,
பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டார்.

அடுத்த வாரம் ஃபார்மல் லெட்டர்.
எதைப் பற்றியும் எழுதலாம்,
குறை இருந்தால் போதும்.
ஜொஹரா தெருவிளக்கை எடுத்துக்கொண்டாள்.
நான் தராசை.
அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா,
பொருள்: எடை.
நாகசாமி மூன்று கிலோ எடுக்கிறார்.
முன்னாலேயே உட்காரவைத்தேன் அவரை.
வினைச்சொல்லில் எஸ் சேர்த்தேன், மறக்காமல்.

ராத்திரி அம்மாவுக்குத் தமிழில் வாசித்தேன்.
விரல் வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள்
பேர் வந்த இடத்தில் நிமிர்ந்தாள்.
"அந்தப் பேர எடு."
"இது பள்ளிக்கூடத்துக்கும்மா, யாரும் அனுப்பப் போறதில்ல."
"எடுடீ நம்பு.
திங்கக்கெழம ஒன் தம்பி ஃபீசுக்கு
அவன்ட்டதான் நிக்கணும்."

பென்சிலில் எழுதியது நல்லதாய்ப் போயிற்று.
உப்புக்காற்றில் நமத்த தாள்,
ரப்பர் கொஞ்சம் தோலை உரித்தது.
நாகசாமி இருந்த இடம்
விரல் வைத்தால் மெலிசாக இருந்தது.
மூன்று கிலோ எடுக்கப்படுகிறது.
முழு வாக்கியமாகத்தான் நின்றது அதுவும்.

திருத்தி வந்தது. ஐந்துக்கு நாலரை.
'பாஸிவ் நன்று' என்று ஓரத்தில்.
கடைசியில் தேங்கிங் யூ இல்லையாம்,
அரை மார்க் குறைக்கப்பட்டது.

காலாண்டில் அந்தக் கேள்வியே வந்தது.
செய்தவரை எப்போது சொல்லாமல் விடலாம்?
இரண்டு காரணம் தருக.
சார் சொன்ன இரண்டையும் எழுதினேன்.
மூன்று என்று எண் போட்டேன்,
புள்ளி வைத்தேன்.
வெளியே ரயில் பாலத்தில் ஏறுகிற சத்தம்.
மணியடித்ததும்
தாள் என்னிடமிருந்து வாங்கப்பட்டது.