இறகெறிதல்

வான் பாய்ந்து ஓய்ந்த தை மாதத்தில் தொடங்கினேன்.
இரவுக் கடமை முடிந்து
மல்லாவி ஆஸ்பத்திரி கேற்றைத் தாண்டினால்
ஸ்கூட்டியில் கால் மணி நேரம்.
அலைகரைக் கல்லில் செருப்பைக் கழற்றினால்
முழங்கால் வரை வவுனிக்குளம்.

முதலை இருக்கு என்று பலகை சொல்கிறது.
பலகையின் மேல் நீர்க்காகம் சிறகு காயவைக்கிறது.
இரண்டையும் நம்புகிறேன்.

பயிற்சிக் காலத்தில் நுவரெலியாவில்,
பனி விலகாத ஏரியில் ஒருவர்
இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி
காற்றில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.
நூல் பின்னால் போய், முன்னால் வந்து,
ஒரு பூச்சியாய் நீரில் இறங்கியது.
ட்ரவுட்டுக்கு என்றார்.
அன்று ஒன்றும் படவில்லை.
சிரித்தபடி வீட்டுக்குப் போனார்.
அந்தச் சிரிப்புக்காகத்தான்
மூன்று மாத ஓவர்டைமில் இந்தக் கோல்.

இங்கே ட்ரவுட் ஏது?
வெந்நீர் ஆறினாற்போன்ற குளத்தில்
ஜப்பான் மீன், கெளிறு,
பட்டமரத்தடியில் விரால்.
விராலுக்குப் பூச்சி காணாது, தவளை வேண்டும்.
அறுந்த பாட்டா செருப்பில் தலை வெட்டினேன்.
பக்கத்து வளவுச் சேவல் உதிர்த்தது கால்கள்.
காலாவதியான தையல் நூலில்
காயத்துக்குப் போடும் அதே முடிச்சு.
கண்ணுக்கு நகப்பூச்சு;
கறுப்பு இல்லை, ஊதா.

தை முழுக்க எறிந்தேன்.
தாமரை இலைகள் பிடித்தேன்.
ஒருமுறை என் தொப்பியை.

மாசியில் ஒரு விடியல்,
பட்டமரத்தடியில் தண்ணீர் வாய் திறந்து மூடியது.
சோற்றுப்பானை மூடி விழுந்த சத்தம்.
தவளை இல்லை. நூலில் பாதியும் இல்லை.
முதன்முதலில் ஊசி போட்ட நாள்போல
கை நடுங்கியது.
அன்றிரவு வார்டில்
யாருடைய மணிக்கட்டைப் பிடித்தாலும்
அந்தச் சத்தம்.

செபமாலை வள்ளத்தில் வந்து வலை வளைப்பார்.
நாற்பது கிலோ, ஐம்பது கிலோ.
போகிற போக்கில் என் வாளியை எட்டிப் பார்ப்பார்.
அதில் என் சாப்பாட்டுப் பெட்டி.
"உதென்ன பிள்ளை, இறகோ?
மீன் கோழிக்கறி கேட்டதோ?"

பங்குனிக் கடைசியில்
சிறுபோகத்துக்குத் துருசு திறந்தார்கள்.
நாளுக்கு ஒரு விரல் பட்டமரம் உயர்ந்தது.
பின்னால் அவர் வந்து நின்றது தெரியாமல்
கோலை ஓங்கினேன்.
பின்னே போன நூல்
முன்னே வரவில்லை.

"ஐயோ, என்ர காது!"

சோணையில் ஏறியிருந்தது, எதிர்முள்ளும் உள்ளே.
வள்ள விளிம்பில் இருத்தி
முள்ளின் வளைவில் நூலைச் சுற்றிக்கொண்டு
சும்மா கேட்பதுபோல் கேட்டேன்:
"உந்த வலை எங்கை வாங்கினது?"
"முல்லைத்தீ..."
சுண்டினேன்.
"...வு" என்றபோது முள் என் கையில்.

ஏற்பூசி போட வேணும், மத்தியானத்துக்கிடையில் வாங்கோ என்றேன்.
அவர் முள்ளையே பார்த்தார்,
சேவலிறகில் ஒட்டிய தன் இரத்தத்தை.
"இதை நான் வைச்சிருக்கட்டே?"

ஐந்தாம் நாள் வெளிநோயாளர் பிரிவில்
காதில் பிளாஸ்டர், கக்கத்தில் ஈரச்சாக்கு.
வரிசையை விட்டு விலக்கி என்னைக் கூப்பிட்டார்.
"சங்கத்தில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்.
வலைக்காறன் நான், இறகு எறிஞ்சனான் எண்டு."
சாக்குக்குள் முழங்கை நீளத்தில் விரால்.
வாயோரம் அவருடைய தவளை.
அதற்கும் உள்ளே, தாடையோடு துருவேறி,
ஒற்றைக் கண்ணில் இன்னும் ஊதா ஒட்டியபடி
மாசியில் தொலைந்தது.

இரண்டையும் ஃபோர்செப்ஸால் எடுத்தேன்.
மீனை ஒன்பதாம் கட்டிலுக்குக் கொடுத்தேன்,
சிசேரியன் முடிந்து நாலு நாள், தையல் ஆறவில்லை.
அவளுடைய மாமி விலை கேட்டாள்.
செபமாலை மருந்துச் சீட்டைப் படித்தார், தலைகீழாக.

அடுத்த நாளும் போனேன்.
பட்டமரம் வேரோடு வெளியே நின்றது,
வேரில் என் நூலின் மிச்சம்.
தண்ணீர் நூறடி தள்ளிப்போயிருந்தது.
நின்ற இடத்திலேயே நின்று
கோலைப் பின்னே கொண்டுபோனேன்,
இம்முறை திரும்பிப் பார்த்துவிட்டு.

சேற்றில் இறங்கியது இறகு.
அழகாகத்தான் இறங்கியது.