சோதனை அட்டை

போர்ட்டேஜ் அவென்யூவில் ஆறு மாடி.
பதினோரு கதவு, பதினோரு காந்தப் பூட்டு.
தோள் கொடுத்து முட்டிப் பார்த்தேன்,
மசியவில்லை.
மின்சாரத்தை அறுத்தால் எல்லாம் திறக்கும்,
தீ என்றால் திறந்தாக வேண்டும்.
அதையும் பார்த்தாயிற்று.

கடைசி வேலை, என் சோதனை அட்டையைப்
பட்டியலிலிருந்து அழிப்பது.
அழித்தேன்.
வெளி ரீடரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை உரிக்க
ஓரடி வெளியே வைத்தேன்.
க்ளக்.

கோட்டு உள்ளே.
போன், வேன் சாவி, கோட்டுக்குள்.
வின்னிபெக், மைனஸ் இருபத்தேழு.
அட்டையைக் காட்டினேன். சிவப்பு.
திரும்பக் காட்டினேன்.
என் கைவேலையில் ஒரு பிசகும் இல்லை.

துப்புரவுக்கு வரும் மரிட்டெஸ்,
மாலையில் நான் பதிந்துகொடுத்த அட்டையோடு.
பச்சை.
கதவை இடுப்பால் தாங்கி
என்னை முதலில் விட்டாள்.

காலையில் பதிவைத் திறந்தேன்:
21:31. மரிட்டெஸ்.
அவ்வளவுதான்.