பெயர் நீக்கம் தனிக் கட்டணம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
பகலிலும் டியூப்லைட் எரியும் என் கடை.
குளச்சல் ஆக்கர்காரர் சாக்கோடு இறக்கிப் போனார்,
முப்பத்தேழு வீடியோ கேம் கேசட்.
"சவத்த, எடைக்குத்தான் தாறேன், எடுத்துக்க மோளே."

ஊதினால் ஓடும் என்று நம்பி
ஊதி ஊதியே துருவேற்றி வைத்திருக்கிறார்கள்.
எச்சிலும் கடல்காற்றும் சேர்ந்து
செம்புப் பல்லெல்லாம் பச்சை.
அழிரப்பர் வைத்துத் தேய்ப்பேன்.
பிறகு முதுகைத் திருப்புவேன்.
அங்கேதான் ஆட்கள் இருப்பார்கள்.

ப. ஷிபின், வாணியக்குடி.
அதைக் கோடடித்து, ஆல்பின்.
அதையும் கோடடித்து
பேனா முனை உடைய அழுத்தி
மறுபடி ஷிபின்.

இன்னொன்றில் சிவப்பு மை:
"இதை எடுக்கிறவன் கை அழுகும்."
அதன் கீழே வேறொரு கையெழுத்து:
"எடுத்தாச்சு. ஒண்ணும் ஆகல்ல."

ஒன்றில் பெயரே இல்லை.
ரியாலில் விலைச்சீட்டு,
கிழிக்கப் பார்த்துக் கைவிட்ட நகத்தடம்.

வாங்குகிறவர் பெங்களூரில்,
கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறவர்.
"பேர், கிறுக்கல் எதுவும் வேண்டாம் மேடம்."
பெயர் ஒன்றுக்கு இருபது ரூபாய் வாங்குகிறேன்.
பால்பாயிண்ட் தின்னருக்கு உடனே கரையும்.
மார்க்கர் ஊதாவாய் இளகிப் பஞ்சில் ஏறும்.
ஷிபின் இரண்டு தடவை போனான்,
நாற்பது கேட்கலாமா என்று யோசித்தேன்.

இருபத்தொன்பதாவது கேசட்.
மி. ஜஸ்டஸ், எட்டாம் வகுப்பு பி.
முதுகு முழுக்கக் கறுப்பு மார்க்கர்,
விசைப்படகில் எழுதுவதுபோல் நிழல் கொடுத்து.
மூன்றாம் பஞ்சுக்கு ஜஸ்டஸ் போனான்.
அவனுக்கு அடியில்
காம்பஸ் முனையால் கீறிய
கடுகளவு எழுத்து: லீமா.

கீறலின் குழிக்குள் மை இறங்கியிருந்தது.
அப்படியானால் கீறல்தான் முன்னாடி.

டிவியில் போட்டுப் பார்த்தேன்.
ஆட்டத்தைச் சேமித்து வைக்க மூன்று இடம்.
ஒன்றில் ஜஸ்ட், மூன்றாம் ஸ்டேஜில் நிற்கிறான்.
அடுத்ததும் ஜஸ்ட்தான், இரண்டாம் ஸ்டேஜ்.
கடைசியில் லீம்.
இங்கிலீஷில் நாலெழுத்துக்கு மேல் அதற்குக் கொள்ளாது.
லீம் எல்லாக் கோட்டையும் பிடித்திருந்தாள்.
எல்லாச் சாவியும்.
தொண்ணூற்றொன்பது உயிர், இன்னும் செலவழிக்காமல்.

அவன் டியூஷன் போன நேரம்,
பீடத்தில் மணியடிக்கப் போன முதல் பூசை நேரம்,
சத்தத்தைக் குறைத்து வைத்து ஆடியிருப்பாள்
என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.
அவன் அண்ணனா தம்பியா, அதுகூடத் தெரியாது.

உள்ளே பேட்டரி
இரண்டு புள்ளி மூன்று வோல்ட்டில் இழுத்துக்கொண்டு கிடந்தது.
விட்டால் ஐப்பசி மழையைத் தாண்டாது.
கழற்றினால் அந்த நொடியே மூன்று இடமும் காலி.
புதியதை இணையாகப் பிடித்துக்கொண்டுதான்
பழையதை எடுக்க வேண்டும், கை ஆடாமல்.
மேலே லாரி போனால் கீழே என் மேசை ஆடும்.
கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற வண்டிகள் ஓயட்டும் என்று
பதினொன்றரை வரை இருந்தேன்.
வீட்டிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள்,
"ஒரு கஸ்டமர்" என்றேன்.

ஈயம் உறைந்ததும் மறுபடி போட்டேன்.
ஜஸ்ட். ஜஸ்ட்.
லீம்.

பார்சல் போய் நாலாம் நாள் போன்.
"மேடம், ஒண்ணுல பின்னாடி ஏதோ கீறல் இருக்கே."
"அது போகாது சார்."
உப்புத்தாள் போட்டால் போகும், சொல்லவில்லை.
அம்பது ரூபாய் குறைத்துக்கொண்டேன்.
"உள்ளயும் யாரோ ஆடி வச்சிருக்காங்க. அழிச்சிடட்டுமா?"
"உங்க சாமான், உங்க இஷ்டம்."
போனை அவர் வைக்கவில்லை.
பொத்தான் அழுத்துகிற சத்தம் கேட்டது,
அப்புறம் நெடுநேரம் அந்தப் பழைய இசை.
"யார் மேடம் இந்த லீம்?"

"லீமா சார்.
கடைசி எழுத்துக்கு அதில எடம் இல்ல."