ஏழாவது பெயர்

குளிர்காலத்தில் எங்கள் துறைமுகத் தெருவில்
மூன்று வீட்டில்தான் விளக்கு.
மற்ற கதவுகளில் சாவிப் பெட்டிகள்;
அவற்றின் எண்கள் எனக்கு மனப்பாடம்.
சனிக்கிழமைதோறும் விரிப்பு மாற்றுகிறேன்,
லண்டன்காரர்கள் விட்டுப்போன
பாதி வெண்ணெயைக்
கேரவனுக்கு எடுத்து வருகிறேன்.

வார நாட்களில் மன்றத்தில் தட்டச்சு.
மார்ச்சில் வந்தது அந்தக் கடிதம்:
இனி உங்கள் மண்ணில் வீடு கட்ட
நீங்களே முடிவெடுக்கலாம்.
பாஸ்கோ டிரெகென்சா மேசையைத் தட்டினார்.
யாரோ ஓடிப்போய்க் கார்ன்வால் கொடியை,
கறுப்பில் வெள்ளைச் சிலுவை,
ஜன்னலில் கட்டினார்கள்.

பணம்? நான்காம் பக்கம், அடிக்குறிப்பு.
இலை போட்டாயிற்று;
சோறு மட்டும் அங்கிருந்து வர வேண்டும்.

வந்தது, ஒன்பது கேட்டதற்கு ஆறு.
குவாரி மேட்டில், தெற்குப் பார்த்து,
வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒன்று.
யாருக்கு என்று
இரவு பதினொன்று வரை சண்டை.
அதுவும் எங்கள் சண்டை,
எங்கள் உச்சரிப்பில்.

பட்டியலை நான்தான் அடித்தேன்.
ஆறாவது கெரென்சா, இரண்டு பிள்ளைகள்,
மீன் கூடத்தில் இரவு வேலை.
ஏழாவது பெயரில்
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று
இருமுறை பார்த்தேன்.
என் பெயரை
யாரும் சரியாக எழுதுவதில்லை.