நாலு போட்ட கட்டை

விற்க வந்த ஹைலக்ஸின் புத்தகத்தில்
எஞ்சின்: எல்.
டோர்ச் அடித்து
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.
கரட் மண்ணும் கிரீஸும் கழன்றபின்
பிளாக்கில் வேறெழுத்து:
டூ-எல்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் ராக்கப்பன்.
பொய்யில்லை.
கியர்க்கட்டையிலும் நாலுதான்.
பதினொரு வருசம்
கந்தப்பளையிலிருந்து லீக்ஸ் ஏற்றி
நாலிலேயே போயிருக்கிறார் மனுசன்.

கீழே படுத்துப் பார்த்தேன்.
பெட்டியின் வால் நீளம்.
"ரிவர்ஸ் எப்பிடிப் போடுவீங்க?"
"என் பக்கம் இழுத்து, பின்னுக்கு."
"அப்பிடியே இழுத்து, முன்னுக்குத் தள்ளுங்க."

நுவரெலியா ரேஸ்கோர்ஸ் ஓரம்,
கொஞ்சம் சமதரை.
தள்ளினார்.
உறுமல் தணிந்தது.
பின்னால் தார்ப்பாய் படபடப்பது
முதல்முறையாகக் கேட்டது அவருக்கு.

திரும்பி வரும்வரை
இருவரும் பேசவில்லை.
இறங்கியதும்
விலையில் ஐம்பதாயிரம் கூட்டினார்.