இடம் என்றால் வலமும்

உவர்மலை இறக்கத்தில் விழுந்தது நானல்ல,
பைக்தான்.
ஸ்டாண்டை அரைகுறையாய்த் தட்டிய கால்
இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.
இடப்பக்கச் சிக்னல் கழுத்து முறிந்து
வயரில் தொங்கியது.
தொங்கியபடியே மினுங்கவும் செய்தது.

மூன்று நாள் கையால் காட்டித் திரிந்தேன்.
ஆசுபத்திரிச் சந்தியில் கை நீட்ட
யாரோ தெரிந்த முகம்
பதிலுக்குக் கையசைத்துப் போனது.

என்.சி. வீதிக் கடையில் ஜவ்ஸி
எல்.இ.டி.களைக் கண்ணாடி மேல் பரப்பினார்.
அம்பு வடிவம். வேப்பிலை வடிவம்.
பாம்பாய் ஓடுகிற ஒன்று.
"நீலம் வேணாம் மிஸ்,
நீங்க எடுத்தா உங்கள பொலிஸ் எடுக்கும்."
பற்றறியில் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.
கடை இருட்டுக்குள் எல்லாமே வீரன்.
"வெளிய கொண்டு வாங்கோ," என்றேன்,
பதினொரு மணி வெயிலுக்கு.
வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன்.
பாம்பு தெரியவில்லை. வேப்பிலை
வெளிறிப் போயிருந்தது.
றப்பர்க் கழுத்துள்ள குட்டையன் மட்டும்
மஞ்சளாய் என்னைக் கூப்பிட்டான்.
நாலு எடுத்தேன்.
றப்பர் ஏனென்றால்
என் காலை எனக்குத் தெரியும்.

ஞாயிறு, நைட் முடிந்து வந்து,
பாலையூற்று வீட்டு முற்றத்தில்
பழைய பேப்பர் விரித்துத் தொடங்கினேன்.
சாக்லேட் நிற வயர் இடம்,
கரும்பச்சை வலம்,
கறுப்பு எர்த்.
கடற்காற்று தின்ற முனைகளில்
பச்சைக் களிம்பு. சுரண்டினேன்,
புண் துடைப்பதுபோல, உள்ளிருந்து வெளியே.

சுவிட்சைத் தள்ளினால்
நூற்று எண்பது துடிப்பு நிமிடத்துக்கு.
வார்ட்டில் என்றால் டொக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.
இவை குடிக்கும் கரண்ட் கொஞ்சம்;
பழைய றிலேக்கு அது போதாமல்
பல்ப் செத்துவிட்டதென்று பதறுகிறது.
எலக்ட்ரோனிக் றிலே மாற்ற
துடிப்பு இறங்கியது.

ஆனால் இடம் போட்டால்
வலமும் மினுங்கியது.
வலம் போட்டால் இடமும்.
எங்கள் வீட்டுச் சம்பந்தப் பேச்சு மாதிரி
எதற்கும் எல்லோரும் தலையாட்டல்.
இரண்டு மணித்தியாலம்
வயர்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.
எண்ணிக்கை சரி. கோபம்தான் கூடுதல்.

கபிலேசுக்கு அடித்தேன்.
மீன் கழுவிக்கொண்டிருந்தான்,
தண்ணீர்ச் சத்தம் கேட்டது.
"மீற்றரில ரெண்டு பக்கத்துக்கும்
ஒரே ஒரு குட்டி பல்ப்தானே?
அதுக்குள்ளால கசியுது.
பழைய பல்புகளுக்கு அந்தக் கசிவு காணாது,
இவை அதிலயே எரியும்.
ரெண்டு டயோட் போடு.
வெள்ளைக் கோடு பல்ப் பக்கம்."

டயோட் இருபது ரூபாய்.
வெந்தயத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
போகவிடும், திரும்ப விடாது.
இதை எனக்கு
இதய வால்வு என்று படிப்பித்தார்கள்.
ஈயம் உருகிப் பிடித்த நிமிடம்
இடம் என்றால் இடம்.
முற்றத்தில் தனியாய்
மூன்று தரம் சோதித்தேன்,
தேவையில்லாமல் நாலாம் தரமும்.

அன்றிரவு டியூட்டிக்கு
உள்துறைமுக வீதியால் போனேன்.
புது றிலே சத்தமே போடாது.
பழையது டிக் டிக்கென்று
அணைக்கச் சொல்லிக்கொண்டே வரும்.
எங்கேயோ இடம் திரும்பிய நான்
அணைக்க மறந்து
அரை மைல் முழுக்க
திரும்பப் போகிறேன், திரும்பப் போகிறேன்
என்று சொல்லியபடி நேரே போயிருக்கிறேன்.

பின்னால் ஒரு ஓட்டோ
முந்தவும் மனமில்லாமல்
நம்பவும் மனமில்லாமல்.
கடைசியில் பக்கத்தில் வந்து,
"அக்கா, எங்க போறீங்க?"

பிரேக் பிடித்தேன்.
இடப்பக்கம் ஒழுங்கையே இல்லை.
மதிலோரம் புள்ளிமான் மூன்று
குப்பையிலிருந்து தலை தூக்கி,
முகத்தில் மஞ்சள் வந்து வந்து போக,
வழி விடுவதா என்று
யோசித்துக்கொண்டு நின்றன.