பன்மை விகுதி

மைனஸ் முப்பத்தெட்டு.
மைக்கூடு உறைந்துவிட்டது.
ரேடியேட்டர் மேல் அதைத் தூக்கி வைத்துவிட்டுக்
கதவைத் திறந்தேன்.
வரிசை அதற்குள் அஞ்சலகம்வரை போயிருந்தது.

எல்லோருக்கும் குலப்பெயர் வேண்டும். அரசாணை.
என் அம்மா பிறக்கும் முன்பு
இதே அரசு, வேறு சட்டை போட்டிருந்தபோது,
குலத்தை மறக்கச் சொன்னது.
நாங்கள் சொன்னபடி கேட்பவர்கள்,
ஒழுங்காக மறந்தோம்.
இப்போது வெள்ளிக்கிழமைக்குள் ஞாபகம் வர வேண்டும்.

முதலில் லாரிக்காரர் பல்ஜின்னியாம்.
போர்ஜிகின் என்றார். பெரிய கானின் குலம்.
சாட்சி?
மூக்கைக் காட்டினார்.
அடுத்து அவர் மைத்துனர், போர்ஜிகின்.
அந்த மைத்துனரோடு பத்து வருடமாகப் பேசாத தாம்தின்,
அவரும் போர்ஜிகின்.
மதியத்துக்குள் பதினேழு இளவரசர்கள்,
ஒருவரிடமும் ஒழுங்கான பூட்ஸ் இல்லை.
சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
முந்தின இரவே என் அட்டையில்
நானும் அதைத்தான் எழுதியிருந்தேன்,
கதவைச் சாத்திக்கொண்டு.

மூன்று மணிக்கு அவன் வந்தான்.
பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் ஆபீசுக்கும் சேர்த்து
ஒரே கொதிகலன்; அதற்குக் கரி தள்ளுகிறவன்.
பெயர்?
நெர்குய்.
‘பெயரில்லை’ என்று பொருள்.
அவனுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை.
மூன்றாவதை ஆவிகள் கூப்பிட முடியாதபடி
அம்மா செய்த தந்திரம்.
பலித்தது. ஆவிகள் வரவில்லை.
வேறு யாரும்கூட வரவில்லை.
அப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
அம்மா பெயர், அதுவும் பென்சிலில்.

ஆளாளுக்கு வள்ளலானார்கள்.
“எங்கள் குலத்தில் சேர்ந்துக்கோ,” என்றார் பல்ஜின்னியாம்,
“கான் கோபித்துக்கொள்ள மாட்டார்.”
ஓநாய் என்று வை, என்றது ஒரு குரல்.
செர்மா டீச்சர் ஏதோ நட்சத்திரத்தின் பெயர் சொன்னாள்.
வாங்கப்போவதில்லாத கோட்டைக்
கடையில் தடவிப் பார்ப்பதுபோல
ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டான்.

பிறகு என்னிடம்:
“யன்ஜ்மா, நான் இல்லாத இடத்தில்
என்னை என்னவென்று சொல்வீர்கள்?”

குளிர் ஏறும் ராத்திரிகளில்
ஊரே சொல்வது ஒன்றுதான்.
கல்ச் வந்துவிட்டானா?
கல்ச் தூங்கிவிட்டானா?
எங்கள் மொழியில் கல் என்றால் நெருப்பு.
கல்ச், நெருப்பைப் பார்த்துக்கொள்கிறவன்.

“அப்போ அதையே எழுது,” என்றான். “கல்ச்சூட்.”

பேனா நின்றது.
கடைசியில் வரும் அந்த ‘ஊட்’ பன்மை.
நெருப்புக்காரர்கள்.
“நீ ஒருத்தன்,” என்றேன்.
படிவத்தின் கேள்வியை உரக்கப் படித்தேன்:
இக்குலத்தில் எத்தனை பேர்?

அவன் விரல் மடக்கத் தொடங்கினான்.
போன ஜனவரியில் குழாய் வெடித்தபோது
வாளியோடு ஓடிவந்த ஒன்பதாம் வகுப்பு.
காய்ச்சலில் கிடந்த நான்கு நாளும்
மண்வாரியைப் பிடித்த தாம்தின்.
தாம்தின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
யாரும் வழுக்கி விழாதிருக்க
சாம்பலை வாங்கிப் பாதையில் தூவுகிற செர்மா டீச்சர்.
கரி வரும் லாரி. அதை ஓட்டுகிற இளவரசர்.
விரல் தீர்ந்தபின் மைக்கூட்டைக் காட்டினான்.
“அதைத் தொட்டுத்தானே
காலையிலிருந்து எல்லோரையும் எழுதுகிறாய்?”

சட்டப்படி இது பதிலாகாது.
‘ஒன்று’ என்று எழுதினேன்.
பெயரை மட்டும் அவன் சொன்னபடி,
விகுதியைக் குறைக்காமல்.

எழுத்துக்கூட்டி வாசித்தான். இரண்டு முறை.
கல்ச்சூட் நெர்குய்.
பெயரில்லை என்பதுகூட
இப்போது பெயர்போலக் கேட்டது.
“அணைந்துவிடும்,” என்று
முத்திரை காயும் முன்பே ஓடினான்.

சாயங்காலம் என் அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
போர்ஜிகின். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.
ரேடியேட்டர் டக் டக்கென்று பேசத் தொடங்கியது;
கீழே யாரோ கரி தள்ளுகிறார்கள்.
வேலை முடிந்தவர்களில் பாதிப்பேர்
இன்னும் அறையை விட்டுப் போகவில்லை.
வெளியே குளிர் என்றார்கள்.